கெளுத்தி மீன்களின் அறிவியல் பெயருக்குப் பொருள் தேடப் போகிறீர்களா? இதைப் படித்துவிட்டுப் போங்கள்

போன வருடம் தெரிந்த ஒரு கல்லூரியின் விலங்கியல் துறையில் மீன் கண்காட்சி வைத்தார்கள். கண்ணாடி ஜாடிகளில் 24 கெளுத்திகள். ஒவ்வொன்றுக்கும் அறிவியல் பெயர், அதற்குத் தமிழில் பொருள், பெயர் எப்படி வந்தது என்று இரண்டு வரி, இவ்வளவும் எழுதிப் பலகை செய்து தரச் சொன்னார்கள். பத்து வருடமாக வீட்டில் மீன் வளர்க்கிறேன், லத்தீன் பெயர் நாலைந்து வாயில் நுழையும், அந்தத் தைரியத்தில் சரி என்று தலையாட்டிவிட்டேன். இணையத்தில் ஒரு லத்தீன் அகராதியைத் திறந்துவைத்துக்கொண்டு இரண்டே இரவில் 24 பலகைக்கும் எழுதி முடித்து அச்சுக்கும் கொடுத்தாகிவிட்டது.

திறப்பு அன்று வந்த ஓய்வுபெற்ற பேராசிரியர் ஒருவர் 'சிலோனியா சில்ட்ரெனி' ஜாடி முன்னால் நின்று பலகையைப் படித்தார். நான் 'குழந்தைகளின் சிலோனியா' என்று எழுதியிருந்தேன். "ஏம்ப்பா, இந்த மீன் ஸ்கூலுக்குப் போகுதா?" என்று கேட்டார். சைக்ஸ் 1839-இல் அந்தப் பெயரை வைத்தபோது மனதில் இருந்தது ஜான் ஜார்ஜ் சில்ட்ரன் என்ற ஆள், பிரிட்டிஷ் மியூசியத்தில் விலங்கியல் பிரிவில் இருந்தவர். குழந்தைகளுக்கும் அந்த மீனுக்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை.

உட்கார்ந்து சரிபார்த்ததில் 24-இல் 9 தப்பு. ஒரு பலகைக்கு 180 ரூபாய், ஆக 1,620 ரூபாய் என் கைக்காசு. அதைவிட, சரியான வழி எது என்று தெரியாமல் அலைந்த மூன்று வாரம் திரும்பி வராது. பள்ளியில் பலகை எழுதும் ஆசிரியர், மீன் கடைக்காரர், செய்முறைப் பதிவேடு எழுதும் மாணவர், என்னைப் போல மீன் பைத்தியம், யாராக இருந்தாலும் கீழே இருக்கிற வரிசையிலேயே போங்கள். பழகிவிட்டால் ஒரு பெயருக்கு முக்கால் மணி நேரம் போதும்.

1. முதலில் மீன் எது என்று முடிவு செய்யுங்கள்

இதைத் தாண்டிப் போகிறவர்கள்தான் அதிகம், நானும் போனேன். கடையில் 'சக்கர்' என்றும் 'டேங்க் கிளீனர்' என்றும் விற்கிறார்களே, அதற்குப் பெரும்பாலும் ஹைப்போஸ்டோமஸ் பிளெகோஸ்டோமஸ் என்று சீட்டு ஒட்டியிருக்கும். அடியில் வாய், மடிப்பு வாய் என்று அழகாகப் பொருள் எழுதி மாட்டிவிடலாம். ஆனால் தொட்டியில் இருப்பது அநேகமாக டெரிகோப்ளிக்திஸ் என்ற வேறு பேரினம் (அறிவியல் பெயரின் முதல் சொல் பேரினம், இரண்டாவது இனம்). அந்தப் பெயரில் துடுப்பு, கவசம், மீன் என்ற மூன்று கிரேக்கச் சொற்கள் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. அதிலேயே பார்டாலிஸ் என்ற இனமாக இருந்தால், உடம்புப் புள்ளிகளைப் பார்த்துச் சிறுத்தை என்று வைத்த பெயர்.

இரண்டையும் பிரிக்க ஆய்வகம் வேண்டாம். முதுகுத் துடுப்பை எண்ணினால் போதும். முன்னால் தடியாக நிற்கும் முள்ளை விட்டுவிடுங்கள், பின்னால் வருகிற மெல்லிய கதிர்களை மட்டும் எண்ணுங்கள். ஹைப்போஸ்டோமஸில் பொதுவாக 7 இருக்கும், டெரிகோப்ளிக்திஸில் 9-க்குக் குறையாது, 11, 12, 13 என்று போகும். கண்ணாடியில் ஒட்டிக் கிடக்கும்போது துடுப்பை மடக்கி வைத்திருக்கும் என்பதால் எண்ண முடியாது, லேசாக மிரண்டதும் விசிறி மாதிரி விரிக்கும், அந்த நொடியில் செல்பேசியில் படம் எடுத்துப் பெரிதாக்கி எண்ணுங்கள். என் ஜாடியில் 12 இருந்தது. பலகை தப்பு.

அலங்கார மீன் பக்கம் போனால் எல்-46, எல்-134 என்று எண்கள் வரும். அது அறிவியல் பெயரே இல்லை. பெயர் கிடைக்காத தென் அமெரிக்கக் கெளுத்திகளுக்கு ஜெர்மன் மீன் வளர்ப்பு இதழ் ஒன்று 1988-இல் தொடங்கிய வரிசை எண். எல்-46 மீனுக்கு 1991-இல் ஹைபன்சிஸ்ட்ரஸ் ஸீப்ரா என்று முறையான பெயர் வந்தது. எண் மட்டும் உள்ள மீன் என்றால் தேடுவதற்குப் பொருளே கிடையாது, அடுத்ததுக்குப் போங்கள்.

2. பெயரை வாலோடு எழுதிக்கொள்ளுங்கள்

பேரினம், இனம் இரண்டோடு நிறுத்தாதீர்கள். பின்னால் வரும் ஆள் பெயர் (இனத்துக்குப் பெயர் வைத்தவர்), ஆண்டு, அடைப்புக்குறி எல்லாம் வேண்டும். நம் தேளியை எடுத்துக்கொள்ளுங்கள்: ஹெட்டிரோநியூஸ்டெஸ் ஃபாசிலிஸ் (ப்ளோக், 1794). அந்த அடைப்புக்குறி அலங்காரத்துக்கு இல்லை. ப்ளோக் இந்த இனத்துக்குப் பெயர் வைத்தபோது வேறு பேரினத்தில் வைத்தார், பிறகு இடம் மாறியது என்று அதற்கு அர்த்தம். அவர் வைத்தது சிலூரஸ் ஃபாசிலிஸ். ஹெட்டிரோநியூஸ்டெஸ் என்ற பேரினம் 1840-இல் முல்லர் உருவாக்கியது. ஆக ஒரு பெயரில் இரண்டு ஆட்கள், இரண்டு காலம், இரண்டு காரணம். இரண்டையும் தனித்தனியாகத் தேட வேண்டும். இரண்டு சொல்லையும் கோத்து 'வேறு விதமாக மூச்சுவிடும் புதைபடிவம்' என்று எழுதியது அடியேன்தான்.

ஃபாசிலிஸ் என்றால் லத்தீனில் தோண்டி எடுக்கப்பட்டது. புதைபடிவத்தைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லும் அதே வேரிலிருந்து வந்ததுதான், ஆனால் இங்கே பேச்சு சேற்றைப் பற்றி. குளம் வற்றும்போது தேளியைச் சேற்றைக் கிளறி எடுத்தவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். 'வேறு விதமாக மூச்சுவிடுவது' என்ற பேரினப் பெயருக்கும் காரணம் உடம்பிலேயே இருக்கிறது. செவுள் அறையிலிருந்து இரண்டு நீளமான காற்றுப் பைகள் முதுகுத் தசைக்குள் வால் பக்கமாக ஓடுகின்றன, தண்ணீருக்கு மேலே வந்து ஒரு வாய்க் காற்றை வாங்கிக்கொண்டு சேற்றிலேயே கிடக்கும். ப்ளோக் பெர்லினில் உட்கார்ந்துகொண்டு பார்த்த மீன் தரங்கம்பாடியிலிருந்து போனது. அங்கே இருந்த மிஷனரி ஜான் என்பவர் அவருக்கு மீன்களைப் பதப்படுத்தி அனுப்பிக்கொண்டிருந்தார். கோடு போட்ட உடம்புள்ள மிஸ்டஸ் விட்டாடஸ் என்ற நம் சின்னக் கெளுத்தியும் தரங்கம்பாடிச் சரக்குதான். விட்டாடஸ் என்றால் பட்டை போட்டது.

அடைப்புக்குறி இல்லாவிட்டால் வேலை சுலபம். சிலூரஸ் கிளானிஸ் லின்னேயஸ், 1758 என்பதில் குறி இல்லை, முதல் நாளிலிருந்து அதே பெயர்.

3. பெயர் இன்னும் உயிரோடு இருக்கிறதா பாருங்கள்

கலிஃபோர்னியா அகாடமி ஆஃப் சயின்ஸஸ் நடத்தும் எஷ்மேயரின் மீன் பெயர்ப் பட்டியலைத் திறங்கள். இலவசம், கணக்குத் தொடங்க வேண்டாம். இனப் பெயரைப் போட்டால் முதலில் வைத்த பெயர், ஆண்டு, எந்த நூலில் எந்தப் பக்கம், மாதிரி எந்த ஊரில் கிடைத்தது, இப்போது செல்லும் பெயர் எது, எல்லாம் ஒரே பத்தியில் வரும். பார்க்க அசிங்கமாக, சுருக்கெழுத்தாக இருக்கும், பயப்படாதீர்கள். அந்தப் பத்தியை அப்படியே நகல் எடுத்து வையுங்கள், இந்த வேலையில் உங்களுக்கு ஆவணம் என்றால் அதுதான்.

இதைச் செய்யாமல் பாடப்புத்தகத்தை நம்பினால் என்ன ஆகும் என்று சொல்கிறேன். நம் ஊர்ப் பழைய பாடப்புத்தகங்களில் இந்தியாவின் மாகுர் கெளுத்திக்கு கிளாரியஸ் பட்ராகஸ் என்று இருக்கும், பட்ராகஸ் என்றால் தவளை. இப்போது அந்தப் பெயர் ஜாவா மீனுக்கு மட்டும், நம்முடையது கிளாரியஸ் மாகுர். வங்காளத்தில் அந்த மீனைக் கூப்பிடும் பெயரே மாகுர். தவளைக் கதையை எழுதிவிட்டு மாகுரை ஜாடியில் வைத்தால், எழுதியது சரி, மீன் தப்பு.

இன்னொரு வம்பு, வால் எழுத்து மாறுவது. மீன் தொட்டி வைத்திருக்கும் எல்லோருக்கும் கோரிடோராஸ் தெரியும், தலைக்கவசம் என்ற கிரேக்கச் சொல்லோடு தோல் என்பதைச் சேர்த்த பெயர். 2024-இல் ஒரு பெரிய ஆய்வு அந்தப் பேரினத்தைப் பல பேரினங்களாக உடைத்துவிட்டது. கோரிடோராஸ் ஏனியஸ் இப்போது ஆஸ்டியோகாஸ்டர் ஏனியா, கோரிடோராஸ் பாலியாடஸ் இப்போது ஹோப்ளிசோமா பாலியாடம். ஏனியஸ் ஏன் ஏனியா ஆனது? வெண்கல நிறம் என்ற பொருள் மாறவில்லை. அது உரிச்சொல், பேரினப் பெயர் ஆண்பாலா பெண்பாலா என்று பார்த்துத் தன் வாலை மாற்றிக்கொள்ளும். ஸீப்ரா, பாண்டா மாதிரி பெயர்ச்சொல்லாக வந்தவை எங்கே போனாலும் மாறாது. கோரிடோராஸ் பாண்டா ஹோப்ளிசோமா பாண்டா ஆகிவிட்டது, அவ்வளவுதான். ஏனியஸும் ஏனியாவும் வேறு வேறு மீன் என்று நினைத்து நான் இரண்டு பலகை எழுதினேன்.

4. அகராதியைத் திறக்கும் முன் இது எந்த வகைப் பெயர் என்று கேளுங்கள்

மீனின் தோற்றம், ஆள், ஊர், உள்ளூர்ப் பெயர். கெளுத்திப் பெயர்களில் பெரும்பாலானவை இந்த நாலில் ஒன்றில் விழுந்துவிடும். லத்தீன், கிரேக்க அகராதி முதல் வகைக்கு மட்டும்தான் உதவும். மற்ற மூன்றுக்கும் அகராதியைத் திறந்தால் சில்ட்ரெனிதான்.

தோற்றப் பெயர்களில் எனக்குப் பிடித்தது சினோடோண்டிஸ் நைக்ரிவென்ட்ரிஸ், கருப்பு வயிறு. பொதுவாக மீனுக்கு முதுகு கருப்பாகவும் வயிறு வெளிறியும் இருக்கும், இந்த ஆப்பிரிக்கக் கெளுத்தி மல்லாக்க நீந்துவதால் எல்லாம் தலைகீழ். பொருளை மட்டும் எழுதினால் 'கருப்பு வயிறு' என்று சப்பென்று நின்றுவிடும், காரணத்தையும் ஒரு வரி சேர்த்தால் பலகை முன்னால் ஆள் நிற்பார்கள். பாசா என்று ஓட்டல்களில் வறுத்துத் தருகிற பங்காசியனோடன் ஹைப்போஃப்தால்மஸின் இனப் பெயருக்குக் கீழே கண் என்று பொருள், அடுத்த முறை முழு மீனாகப் பார்க்கும்போது தலையில் கண் எவ்வளவு தாழ இருக்கிறது என்று பாருங்கள். இலங்கைக் கெளுத்தி கிளாரியஸ் பிராகிசோமா குட்டை உடம்பு. ஓம்போக் பைமாகுலேடஸ் இரண்டு புள்ளி. இவை சுலபம்.

ஆள் பெயர் என்றால் இனப் பெயரின் வால் எழுத்தைப் பாருங்கள். ஒரு ஆணின் பெயர் என்றால் 'இ' வரும், பெண் என்றால் 'ஏ', ஆண்கள் பலர் அல்லது கலந்த கூட்டம் என்றால் 'ஓரம்', பெண்கள் மட்டும் என்றால் 'ஆரம்'. கேரளத்தின் கிணறுகளில் வாழும் கண்ணில்லாத கெளுத்திகளுக்குப் பேரினம் ஹோராகிளானிஸ். ஹோரா என்பது இந்திய விலங்கியல் அளவைத் துறையின் இயக்குநராக இருந்த சுந்தர் லால் ஹோரா, கிளானிஸ் என்பது கெளுத்திக்கான பழைய கிரேக்கச் சொல். அதில் 2012-இல் திருச்சூர் மாவட்டத்திலிருந்து வந்த ஓர் இனத்தின் பெயர் ஹோராகிளானிஸ் அப்துல்கலாமி. இராமேசுவரத்துக்காரர் பெயரில் கண் தெரியாத, விரல் நீளத்துக்கும் குறைந்த கிணற்று மீன். பலகைகளிலேயே அதிகம் படம் எடுக்கப்பட்டது இதுதான்.

ஆனால் 'இ'யில் முடிவதெல்லாம் ஆள் என்று நினைத்துவிடாதீர்கள். 2023-இல் வந்த ஹோராகிளானிஸ் பாப்புலியைப் பார்த்ததும் யாரோ பாப்புலி என்ற விஞ்ஞானி என்று தேடிக்கொண்டிருந்தேன், அரை நாள் போயிற்று. பாப்புலஸ் என்றால் லத்தீனில் மக்கள், பாப்புலி என்றால் மக்களுடைய. வீட்டுக் கிணற்றிலும் குழாயிலும் வந்த மீனைப் பிடித்துத் தகவல் சொன்ன சாதாரண மக்களுக்காக வைத்த பெயர்.

ஊர்ப் பெயரில் ஒரு கண்ணி. கிளிப்டோதொராக்ஸ் மத்ராஸ்பட்டானஸ் (டே, 1873) என்ற பெயரைப் பார்த்ததும் நான் 'சென்னையில் கிடைக்கும் கெளுத்தி' என்று எழுதிவிட்டேன். கூவத்தில் அது ஒரு நாள் தாங்காது. டே விவரித்த மீன் நீலகிரி அடிவாரத்தில் பவானி ஆற்றிலிருந்து வந்தது. மத்ராஸ் என்று அவர் சொன்னது அன்றைய மாகாணத்தை. மீனைத் திருப்பிப் பிடித்தால் பேரினப் பெயரின் பொருளும் தெரியும்: கிளிப்டோ என்றால் செதுக்கிய, தொராக்ஸ் என்றால் மார்பு. இரண்டு மார்புத் துடுப்புக்கும் நடுவில் தோல், பனை ஓலை விசிறி மாதிரி வரிவரியாக மடிந்திருக்கும், வேகமாக ஓடும் தண்ணீரில் பாறையோடு ஒட்டிக்கொள்ள. ஜாடியில் மீனை வயிறு தெரிகிற மாதிரி வைக்கச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் பலகையில் எழுதியதை யாரும் நம்ப மாட்டார்கள். நம் ஊரில் குளத்தில் வளர்க்கும் ஆப்பிரிக்கக் கெளுத்தி கிளாரியஸ் கரியெபினஸும் ஊர் வகைதான், கரியெப் என்பது தென் ஆப்பிரிக்காவின் ஆரஞ்சு ஆறு.

5. இந்திய மீன் என்றால் லத்தீனுக்கு முன் அந்த ஊர் மொழியைப் பாருங்கள்

என் 9 தப்பில் 4 இங்கேதான். பெயர் லத்தீன் மாதிரி ஒலிக்கும், வாலில் 'அஸ்' ஒட்டியிருக்கும், உள்ளே இருப்பது வங்காளச் சொல்லாகவோ தமிழாகவோ இருக்கும். ஹாமில்டன் 1822-இல் கங்கை மீன்களைப் பற்றி எழுதியபோது மீனவர்களிடம் கேட்ட பெயரையே எடுத்து அறிவியல் பெயராக்கிவிட்டார். மாகுர், பாப்தா, தெங்கரா, ரீட்டா எல்லாம் இன்றும் கொல்கத்தா சந்தையில் கூவி விற்கும் பெயர்கள். ரீட்டா என்று ஒரு பெண் இருந்தாளா என்று தேடாதீர்கள். பாறை மாதிரி கிடக்கும் பெரிய ஆற்றுக் கெளுத்தி பகாரியஸில் இருப்பது பாக், அதாவது புலி. மகாராஷ்டிரத்தின் பாகிப்டெரஸ் கவல்சோர் இன்னும் வேடிக்கை. மராத்தியில் கவல் என்றால் செதில், சோர் என்றால் திருடன், மற்ற மீன்களின் செதிலைக் கடித்துத் தின்னும் மீனுக்குச் செதில் திருடன் என்றே பெயர்.

கடல் கெளுத்தி ஏரியஸில் நான் வழுக்கினேன். ஒரு பெரிய தரவுத்தளத்தில் அதற்குக் கிரேக்கப் போர்க்கடவுளோடு தொடர்புபடுத்திப் பொருள் போட்டிருந்தது, முள் குத்தினால் போர் மாதிரிதான் இருக்கும் என்று நானும் ஒரு விளக்கம் சேர்த்து எழுதிவிட்டேன். ஹாமில்டன் வைத்த ஏரியஸ் என்ற இனப் பெயரே பிறகு பேரினமானது, அதுவும் உள்ளூர்ப் பெயர் சார்ந்தது. யார் வைத்தது என்று பார்த்திருந்தால் கிரேக்கம் பக்கமே போயிருக்க மாட்டேன்.

சரி, தமிழுக்கு வருவோம். மிஸ்டஸ் கெலெடியஸ் (வலான்சியென், 1840). இந்தப் பெயரை லத்தீன் அகராதியில் ஒரு மணி நேரம் தேடினேன், கிரேக்கத்தில் இன்னொரு மணி நேரம். இரவு பதினொன்றரை இருக்கும், சலித்துப்போய் வாய்விட்டுப் படித்தேன்: கெலெடி, கெலெடி. சமையலறையிலிருந்து அம்மா, "கெளுத்தியா? இந்நேரத்துக்கு யாருடா கெளுத்தி கேக்கறது?" என்றார். அவ்வளவுதான் விஷயம். பிரெஞ்சுக்காரரான வலான்சியெனுக்கு ள-வும் வராது, நம் த்தி-யும் வராது, கெளுத்தி அவர் பேனாவில் கெலெடியஸ் ஆகிவிட்டது. நான் லத்தீனில் தேடியது அம்மா குழம்பு வைக்கும் மீனின் பெயரை.

அதற்குப் பிறகு ஒரு பழக்கம் வைத்துக்கொண்டேன், இந்தியாவிலோ இலங்கையிலோ பிடித்த மீன் என்றால் பெயரை மூன்று முறை சத்தமாகப் படிப்பது. வாலகோ அட்டு என்று சொல்லிப் பாருங்கள். அட்டு என்பது நம் ஆத்து வாளையின் முன்பாதி, வாலகோ பக்கத்து வீட்டுச் சொல், தெலுங்கில் அந்த மீன் வாலுக. இலங்கையின் மிஸ்டஸ் அங்குட்டாவும் இப்படித்தான், அங்குட்டா என்பது சிங்களத்தில் அந்தக் கெளுத்தி வகைக்கு வழங்கும் பெயர். உங்களுக்குத் தெரியாத மொழி என்றால் அந்த ஊர் ஆள் ஒருவரிடம் மீன் படத்தைக் காட்டிப் பெயர் கேளுங்கள், அறிவியல் பெயரை முதலில் சொல்லாதீர்கள், சொன்னால் அதற்கேற்ற மாதிரி பதில் வரும்.

சத்தம் ஒத்துப்போனால் மட்டும் போதாது, அதையும் சொல்லிவிட வேண்டும். மாதிரி எந்த ஊரில் கிடைத்தது என்று மூன்றாம் படியில் எடுத்த நகலில் இருக்கும். தென் அமெரிக்க மீனுக்குள் தமிழ்ச் சொல்லைக் கண்டுபிடிக்கும் ஆர்வம் நமக்கு உண்டு, அதை அடக்கி வையுங்கள்.

6. முதல் விவரிப்பைக் கண்ணால் பாருங்கள்

முதலில் எட்டிஃபிஷ் என்ற தளத்துக்குப் போங்கள். மீன் பெயர்களின் காரணத்துக்கென்றே இருக்கும் இலவசத் தளம், குடும்பம் குடும்பமாகப் பிரித்திருப்பார்கள், உங்கள் மீனின் குடும்பப் பெயர் தெரிந்திருக்க வேண்டும். பக்கம் மிக நீளம், உலாவியின் தேடலைப் பயன்படுத்துங்கள். பாதிக் கேள்விகளுக்கு இங்கேயே பதில் வந்துவிடும். இதை முதலிலேயே சொல்லியிருக்கலாமே என்று கேட்பீர்கள். மேலே உள்ள ஐந்து படிகளைத் தாண்டாமல் போனால் தப்பான மீனுக்குச் சரியான பொருளை எடுத்துக்கொண்டு வருவீர்கள்.

பிறகு மூல நூல். 19-ஆம் நூற்றாண்டும் அதற்கு முந்தையதும் பெரும்பாலும் பயோடைவர்சிட்டி ஹெரிட்டேஜ் லைப்ரரி தளத்தில் பக்கம் பக்கமாக ஸ்கேன் செய்து கிடக்கிறது. பதிவிறக்கச் செலவு கிடையாது, முழுத் தொகுதியை இறக்காதீர்கள், பல நூறு எம்.பி. போய்விடும், வேண்டிய பக்கத்தை மட்டும் எடுங்கள். நூலின் பக்க எண்ணும் தளம் காட்டும் பட வரிசை எண்ணும் ஒன்றாக இருக்காது, முன்னுரை, படத்தாள் எல்லாம் சேர்ந்து தள்ளிக்கொண்டே போகும். ப்ளோக் மாதிரி ஆட்களின் நூலில் வண்ணப் படங்கள் தனிக் கட்டாக இருக்கும், எழுத்து வேறு கட்டு. எழுத்தும் பழைய ஜெர்மன் கோணல் எழுத்து, தானியங்கி மொழிபெயர்ப்பில் போட்டால் குப்பை வரும். நான் இரண்டு பத்திக்கு ஜெர்மன் படித்த நண்பரைப் பிடித்தேன், ஒரு பிரியாணி செலவு.

புதிய ஆய்வுக் கட்டுரைகள் என்றால் நிம்மதி, பெயர்க்காரணம் என்றே தனித் தலைப்பு இருக்கும், இரண்டு வரியில் முடிந்துவிடும். சில இதழ்கள் ஒரு கட்டுரைக்குச் சில ஆயிரம் ரூபாய் கேட்கும், கட்டாதீர்கள். கட்டுரையின் முதல் பக்கச் சுருக்கம் இலவசமாகத் தெரியும், அதில் எழுதியவரின் மின்னஞ்சல் இருக்கும். எந்த மீன், எதற்காக வேண்டும் என்று நாலு வரி எழுதிக் கேளுங்கள். நான் மூன்று பேருக்கு எழுதினேன், இருவர் மூன்று நாளில் அனுப்பிவிட்டார்கள், மூன்றாமவரிடமிருந்து இன்னும் வரவில்லை. ஆகவே அச்சுக்கு இரண்டு வாரம் முன்னாலேயே கேட்டுவிடுங்கள்.

7. காரணம் எழுதாத பெயருக்குக் காரணம் கற்பிக்காதீர்கள்

பழைய ஆட்கள் பலர் பெயரை வைத்துவிட்டு ஏன் என்று ஒரு வார்த்தை சொல்லாமல் போய்விட்டார்கள். அப்படி இருந்தால் சொல்லின் பொருளை மட்டும் போடுங்கள். காரணம் வேண்டியே வேண்டும் என்றால் 'இதனால் இருக்கலாம்' என்ற வால் கட்டாயம். சொல்லின் பொருள் வேறு, பெயர் வைத்த காரணம் வேறு, பலகையில் இரண்டுக்கும் தனித்தனி வரி ஒதுக்கினாலே பாதிக் குழப்பம் தீரும். பத்தில் ஏழு பலகையில் காரண வரி காலியாக இருந்தாலும் பரவாயில்லை என்று துறைத் தலைவரிடம் முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்ளுங்கள், அவர்களுக்குக் காலி இடம் பிடிக்காது.

8. பலகை, செலவு, நாள் கணக்கு

பேரின, இனப் பெயர்களைச் சாய்வெழுத்தில் போடுங்கள், ஆள் பெயரும் ஆண்டும் நேரெழுத்தில். அச்சகத்தில் இதைச் சொல்லாவிட்டால் எல்லாவற்றையும் தடித்த எழுத்தில் போட்டு நிழல் வேறு கொடுப்பார்கள். அறிவியல் பெயரைத் தமிழ் எழுத்தில் மட்டும் போட்டால் மாணவர் தேட முடியாது, ரோமன் எழுத்திலும் இருக்கட்டும், அதை நகலிலிருந்து வெட்டி ஒட்டுங்கள், தட்டச்சு செய்யாதீர்கள். ஒரு எழுத்து மாறினால் வேறு மீன்.

24 பெயருக்கு நாளைக்கு மூன்று என்று வைத்தால் எட்டு நாள், மின்னஞ்சல் பதிலுக்கு இரண்டு வாரம் தனியாக, அச்சுக்கு மூன்று நாள். மொத்தமாக ஒரு மாதம் கேளுங்கள், இரண்டு வாரம் தருவார்கள். இணையத்தில் தேடுவதற்கு எனக்குப் பைசா செலவில்லை, செலவு முழுக்கத் தப்பை அச்சடித்ததுதான். பலகையின் மாதிரியை முதலில் ஏ4 தாளில் எடுத்து, மீன் தெரிந்த ஒருவரிடமும் மீனே தெரியாத ஒருவரிடமும் படிக்கக் கொடுங்கள். 'குழந்தைகளின் சிலோனியா'வை என் தங்கை பையன் கூடக் கேள்வி கேட்டிருப்பான்.

கடைசியாக, அச்சடிக்கும்போது எழுத்தில்லாத பலகை இரண்டு கூடுதலாக வாங்கி வையுங்கள், கோரிடோராஸுக்கு நடந்த மாதிரி பெயர் திடீரென்று மாறினால் தனியாக ஒன்றுக்கு ஆர்டர் கொடுக்க அச்சகத்தில் ஒத்துக்கொள்ள மாட்டார்கள். என்னுடையதில் ஒன்று ஆஸ்டியோகாஸ்டருக்குப் போய்விட்டது, இன்னொன்று பரணில் கிடக்கிறது.